பதினேழு வயதில் செய்த கொலைக்கு மரண தண்டனை ஏன் கூடாது?

கேள்வி கேட்ட தம்பி சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்டிருக்கிறார்: "ஆளைக் கொல்லத் தெரிகிற 17 வயசுப் பொடியன், தூக்கு என்று வந்ததும் மட்டும் எப்படிச் சின்னப்பிள்ளை ஆகிறான்? செத்தவர் வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது?" இந்தக் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கொழும்பில் இருபது வருடத்துக்கு மேலாகக் குற்றவியல் வழக்குகளில் நிற்கிறேன், புதுக்கடை நீதிமன்றப் படிகளில் இறந்தவரின் தாயும் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவனின், தாயும் பத்தடி தள்ளி உட்கார்ந்து அழுவதை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன். அதனால் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் எங்கள் நாட்டுச் சட்டம். இலங்கையில் மரண தண்டனை சட்டத்தில் இருக்கிறது, மேல் நீதிமன்றங்கள் அதை விதித்துக்கொண்டும் இருக்கின்றன. ஆனால் கடைசியாக ஒருவரைத் தூக்கிலிட்டது 1976 ஜூன் 23ஆம் திகதி, வெலிக்கடையில். 2019இல் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் குற்றவாளிகள் நான்கு பேரின் தூக்குக்குக் கையெழுத்து வைத்துவிட்டதாகச் சொன்னார், உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, அதோடு நின்றது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மரண தண்டனை விதிக்கக் கூடாது என்று தண்டனைச் சட்டக்கோவையின் 53ஆம் பிரிவு நெடுங்காலமாகச் சொல்லி வந்தது. ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. குற்றம் நடந்த நாளின் வயதா, தீர்ப்புச் சொல்லும் நாளின் வயதா? வாசகம் தீர்ப்பு நாளைத்தான் பார்த்தது. எங்கள் ஊரில் ஒரு கொலை வழக்கு எவ்வளவு காலம் இழுபடும் என்று உங்களுக்குத் தெரியும். 17 வயதில் பிடிபட்டவன் 27 வயதில் தீர்ப்புக்கு வருவான், அப்போது கூண்டில் நிற்பவன் மீசை வைத்த ஆண்பிள்ளை, நீதிபதி பார்ப்பதும் அவனைத்தான். அதாவது வழக்கை இழுத்தடித்தது அரசாங்கம், அந்தத் தாமதத்துக்காகக் கழுத்தைக் கொடுக்க வேண்டியவன் அவன். 2021இல்தான் இதைத் திருத்தி, குற்றம் நடந்த நேரத்தில் 18 வயது ஆகியிருக்கவில்லை என்றால் மரண தண்டனை இல்லை என்று ஆக்கினார்கள். ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டது 1991இல், அதன் 37ஆம் உறுப்புரை இதைத்தான் கேட்டது. முப்பது வருடம் எடுத்திருக்கிறது.

சரி, சட்டம் அப்படி. அது ஏன் சரி என்பதுதான் உங்கள் கேள்வி.

இதைப் பற்றி யார் பேசினாலும் நான் முதலில் மூதூருக்குத்தான் போவேன். ரிசானா நபீக். எங்கள் மொழி பேசிய பிள்ளை, 1988 பெப்ரவரியில் பிறந்தவள் என்று பிறப்புச் சான்றிதழ் சொல்கிறது. கடவுச்சீட்டிலோ 1982 என்று எழுதியிருந்தது. வீட்டு வேலைக்கு வெளிநாடு போக வயது காணாது என்பதால் ஆறு வருடத்தைக் கூட்டிப் போட்டு அனுப்பிவிட்டார்கள். 2005 மே மாதம் சவூதிக்குப் போனாள். வேலை வீட்டு வேலை என்றாலும் நான்கு மாதக் குழந்தையைப் பார்க்கும் பொறுப்பும் தலையில் விழுந்தது, பிள்ளை வளர்த்த அனுபவம் இல்லாதவளுக்கு. அதே மாதம் 22ஆம் திகதி அந்தக் குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது மூச்சடைத்தது என்றாள் அவள், கழுத்தை நெரித்தாள் என்றார்கள் வீட்டார். விசாரித்தபோது அவள் பக்கத்தில் சட்டத்தரணி இல்லை. ஒழுங்கான மொழிபெயர்ப்பாளரும் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஒரு வாக்குமூலம் வந்தது, பிறகு அதை அவள் மறுத்தாள். 2007இல் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, 2013 ஜனவரி 9ஆம் திகதி நிறைவேற்றிவிட்டார்கள். குற்றம் நடந்ததாகச் சொல்லப்பட்ட நாளில் அவளுக்கு வயது 17.

அந்த நாள் கொழும்பு எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தொலைக்காட்சிக்கு முன்னால் ஆட்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்கள். பாராளுமன்றத்தில் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள், சவூதியில் இருந்த எங்கள் தூதுவரைத் திருப்பி அழைத்தார்கள். பிறகு சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் குறைந்தபட்ச வயதை 25 ஆக்கினார்கள்.

தம்பி, இந்தக் கதையில் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது ஒரே ஒரு இடத்தை. அவள் உயிரோடு இருக்க வேண்டுமா இல்லையா என்பது ஒரு எண்ணில் வந்து நின்றது, அந்த எண்ணை மாற்றி எழுதியவர்கள் அவளை அனுப்பிப் பணம் பார்த்தவர்கள். சவூதி அரேபியா 1996இலேயே சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்ட நாடு, சிறுவயதில் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்பது அவர்களையும் கட்டும். ஆனால் நீதிமன்றம் பார்த்தது கடவுச்சீட்டு வயதை. ஏழைப் பிள்ளையின் வயதை யாரும் நம்ப மாட்டார்கள், அதற்குக் கடதாசி வேண்டும், அந்தக் கடதாசியோ அவள் கையில் இருக்காது. தோட்டப்புறத்தில், போரில் இடம்பெயர்ந்த குடும்பங்களில், பிறப்பை ஒழுங்காகப் பதியாமல் விட்ட வீடுகளில் வழக்குப் பேசியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இது வளைகுடாவில் மட்டும் நடக்கிற விஷயம் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில், 1994இல் புனேயில் நடந்த ஒரு கொடூரமான கொலை வழக்கில், ஏழு பேர் செத்த வழக்கு அது, ஒருவருக்கு மரண தண்டனை விதித்திருந்தார்கள். ராஜஸ்தானில் அவர் படித்த பள்ளிக்கூடத்துப் பதிவேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தால், குற்றம் நடந்தபோது அவருக்கு 12 வயது. 2023 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதற்குள் 28 வருடம் சிறையில் போய்விட்டது. நடுவில் ஏதாவது ஒரு நாள் அவரைத் தூக்கில் போட்டிருந்தால் அந்தப் பதிவேட்டை யார் போய்த் தேடியிருப்பார்கள்? பாகிஸ்தானில் 2015இல் கராச்சியில் தூக்கிலிடப்பட்ட ஷஃப்கத் ஹுசைனுடைய வயதும் இப்படித்தான் கடைசி நிமிடம் வரை சர்ச்சையாக இருந்தது. குற்றம் நடந்தபோது 14 என்றார்கள் அவருடைய தரப்பு, அரசாங்கம் மறுத்தது. அந்தச் சர்ச்சையைத் தீர்க்க இனி வழி இல்லை.

இனி வாக்குமூலம். சட்ட மாணவர்கள் இதில் என்னிடம் சொல்வது, "பொலிஸுக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் எங்கள் சான்றுக் கட்டளைச் சட்டப்படி செல்லாதே" என்று. சாதாரண வழக்கில் செல்லாதுதான். ஆனால் விசாரணை எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அந்த அறையில் சொன்ன வார்த்தைதான் முடிவு செய்கிறது.

நான் கனிஷ்ட சட்டத்தரணியாக இருந்த காலத்தில், கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பொடியன் ஒருவனுக்காகப் போனேன், வயது 16, களவு வழக்கு. சிங்களத்தில் எழுதிய இரண்டு பக்க வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்திருந்தான். அவனுக்குச் சிங்களம் பேச வரும், எழுத்துக் கூட்டிக்கூட வாசிக்க வராது. ஏன் வைத்தாய் என்று கேட்டேன். "ஆமான்னு சொன்னா வீட்டுக்கு விட்டுருவோம்னு சொன்னாங்க அண்ணே, அம்மா வெளிய நின்னுட்டு இருந்திச்சு" என்றான். அவன் களவெடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தது, உண்மையான ஆள் வேறொரு வழக்கில் பிடிபட்டதால். அன்றைக்கு அவன் யோசித்தது அம்மா வெளியே வெயிலில் நிற்கிறாள் என்பதை மட்டும்தான். வளர்ந்த ஆள் என்றால் ஆறு மாதம் கழித்து இந்தக் கையெழுத்து என்ன செய்யும் என்று யோசிப்பான், குறைந்தது பயப்படுவான். அவன் வயதில் பத்து நிமிடத்துக்கு அப்பால் இருப்பது ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. களவு வழக்கு என்பதால் பிழைத்தான். அதே கையெழுத்து ஒரு கொலை வழக்கில் விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

கொலை வழக்கில் விழுந்ததும் உண்டு. 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவையில் ஒரு சிறு பிள்ளையை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போய்க் கொன்றார்கள். நாடு கொதித்தது. தூக்குத் தண்டனையைத் திரும்பக் கொண்டுவா என்று தெருத்தெருவாகப் பதாகை பிடித்தார்கள், அந்த வருடம்தான் புங்குடுதீவு மாணவியின் கொலையும் நடந்தது, ஆகவே எங்கள் ஆட்களும் அதே கோபத்தில் இருந்தார்கள். பொலிஸ் முதலில் பிடித்தவர்களில் ஒருவன் 17 வயதுப் பாடசாலை மாணவன். ஊர் முழுக்க அவனைக் குற்றவாளி என்றே பேசியது. மரபணுப் பரிசோதனை பொருந்தவில்லை, விடுவித்தார்கள். தன்னை அடித்துத் துன்புறுத்தியதாக அவன் பிறகு முறையிட்டான். அதோடு முடியவில்லை, அடுத்துப் பிடிபட்ட ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்றே செய்தி வந்தது, அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. கடைசியில் அந்த ஆளின் சகோதரனுடையதுதான் பொருந்தியது, 2016இல் தீர்ப்பு வந்தது. மரபணு கிடைக்காத ஒரு வழக்கில் அந்த மாணவன் எங்கே இருந்திருப்பான் என்று நீங்களே யோசியுங்கள். ஆயுள் தண்டனையாக இருந்தால் பத்து வருடம் கழித்தாவது கதவைத் திறந்து விடலாம்.

இதுவரை தவறாகப் பிடிபட்டவர்களைப் பற்றியே பேசிவிட்டேன், உண்மையாகச் செய்தவனைப் பற்றி என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும். உங்கள் பக்கத்துக்கு மிகவும் வலுவான வழக்கை நானே எடுத்துத் தருகிறேன். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் 1993இல் கிறிஸ்டோபர் சிமன்ஸ் என்ற 17 வயதுப் பையன், கூட்டாளியோடு ஒரு பெண்ணின் வீட்டுக்குள் புகுந்து, கட்டி, பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளிக் கொன்றான். முன்கூட்டியே திட்டம் போட்டது. அதைவிட மோசம், நாங்கள் வயது குறைந்தவர்கள், தப்பிவிடலாம் என்று நண்பர்களிடம் அவனே சொல்லியிருக்கிறான். இதைப் படிக்கும்போது எனக்கும் வயிறு எரியும். அந்த வழக்கில்தான் 2005 மார்ச் 1ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 18 வயதுக்குக் கீழ் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்புச் சொன்னது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம், அவ்வளவு நெருக்கம். 1976க்குப் பிறகு அதுவரை அந்த நாடு சிறுவயதுக் குற்றத்துக்காக 22 பேரைக் கொன்றிருந்தது.

எதிர்த்துத் தீர்ப்பு எழுதியவர்களில் நீதிபதி ஓகானர் சொன்னது கவனிக்க வேண்டியது: எல்லாருக்கும் ஒரே கோடு எதற்கு, ஒவ்வொரு ஆளாகப் பார்த்து இவன் முதிர்ந்தவனா இல்லையா என்று நீதிமன்றம் முடிவு செய்யட்டுமே என்றார். கேட்க நியாயமாக இருக்கும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வழக்கறையில் நின்று பார்த்தவனுக்குத் தெரியும், குற்றம் எவ்வளவு கொடூரமோ அவ்வளவு முதிர்ந்தவனாக அந்தப் பொடியன் தெரிவான். பிரேதத்தின் படங்களைப் பார்த்துவிட்டு நிமிர்கிற எந்த மனிதனுக்கும் எதிரே நிற்பவன் பிள்ளையாகத் தெரிய மாட்டான். மூளையின் முன்பகுதி, நிதானித்து முடிவெடுக்க உதவுகிற பகுதி, இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று இன்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஒரு தனி ஆளின் மூளையைப் படம் எடுத்து, இவன் முதிர்ந்தவன், இவன் இல்லை என்று சொல்லும் கருவி இல்லை. அதனால்தான் கோடு வேண்டும். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை வைத்துச் செய்த ஒரு பரிசோதனையில், கூட்டாளிகள் பக்கத்தில் நின்றால் பதின்ம வயதினர் எடுக்கும் ஆபத்து வெகுவாகக் கூடியது, பெரியவர்களில் அந்த மாற்றம் இல்லை. தெருவில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. பதினாறு பதினேழு வயதில் தனியாகப் போய்ப் பெரிய குற்றம் செய்தவனை என் வழக்குகளில் அரிதாகவே கண்டிருக்கிறேன், பின்னால் ஒரு செட் இருக்கும், முன்னால் ஒரு அண்ணன் இருப்பார்.

வாக்குப் போட 18, வாகனம் ஓட்ட அனுமதிப்பத்திரம் எடுக்க 18, மது வாங்க 21. ஒரு துண்டுக் காணியை விற்கக்கூட 17 வயதுக்காரனின் கையெழுத்தை நாங்கள் ஏற்பதில்லை.

"அப்படியென்றால் பாதாளக் குழுக்காரர்கள் பொடியன்களை வைத்தே கொலை செய்விப்பார்களே" என்பார்கள். செய்விக்கிறார்கள். தூள் பொதியைக் கொடுத்தனுப்ப எந்த வயதுப் பிள்ளையைத் தேடுகிறார்கள் என்று மட்டக்குளியிலும் கிராண்ட்பாஸிலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் பொடியனைத் தூக்கில் போட்டால் அனுப்பியவனுக்கு என்ன நட்டம்? அடுத்த ஒழுங்கையில் இன்னொரு பொடியன் நிற்கிறான். பிள்ளையைப் பயன்படுத்தியவனின் தண்டனையைக் கூட்டுங்கள் என்றால் நான் முதல் ஆளாகக் கை தூக்குவேன். மரண தண்டனை கொலைகளைக் குறைக்கிறதா என்று பல பத்தாண்டு ஆய்வுகளைப் பரிசீலித்த அமெரிக்க தேசிய ஆராய்ச்சிப் பேரவை, அந்த ஆய்வுகளை வைத்துக் குறைக்கிறது என்றோ கூட்டுகிறது என்றோ ஒன்றும் சொல்ல முடியாது என்று 2012இல் எழுதியது. ஒரு உயிரை எடுக்க அது போதாது.

டெல்லி வழக்கையும் சொல்லத்தான் வேண்டும், தமிழில் இந்த வாதம் வந்தால் எல்லாரும் அங்கேதான் போவார்கள். 2012 டிசம்பர், ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவியைக் கூட்டு வன்புணர்வு செய்து கொன்ற வழக்கு. நான்கு பேரை 2020 மார்ச்சில் தூக்கிலிட்டார்கள், 18 ஆக இன்னும் சில மாதம் இருந்தவன் மூன்று வருடத்தில் வெளியே வந்தான். அந்த மூன்று வருடம் எனக்கும் போதவில்லை. இந்தியாவில் 2015இல் சட்டத்தை மாற்றி, 16க்கும் 18க்கும் இடைப்பட்டவர்களைக் கொடூரமான குற்றங்களில் பெரியவர்கள் போல விசாரிக்கலாம் என்றார்கள். ஆனால் அத்தனை கோபத்திலும், மரண தண்டனையும் விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையும் கூடாது என்று அதே சட்டத்தில் எழுதி வைத்தார்கள். பதினைந்து வருடம், இருபது வருடம் என்று நீளமான காவலைக் கேளுங்கள், இடையிடையே ஆளைப் பரிசீலிக்கும் முறையைக் கேளுங்கள், நான் உங்களோடு உட்கார்ந்து பேசுவேன்.

உலகில் இன்னும் இதைச் செய்கிற நாடுகள் மிகச் சில. ஈரான் அதில் முக்கியமானது. சவூதி 2020இல் நிறுத்துவதாக அறிவித்தது, பத்து வருடக் காவல் போதும் என்றது. ஆனால் கிஸாஸ் என்கிற பழிக்குப் பழி வழக்குகளை அந்த மாற்றம் தொடவில்லை. ரிசானாவின் வழக்கு கிஸாஸ். இன்றைக்கு நடந்தாலும் அந்த அறிவிப்பு அவளைக் காப்பாற்றாது. இதை வைத்து முஸ்லிம்களைக் குறை சொல்பவர்களுக்கு ஒன்று: பெரும்பாலான முஸ்லிம் நாடுகளின் சட்டம் சிறுவருக்கு மரண தண்டனையைத் தடுக்கிறது, பாகிஸ்தான்கூட 2000இலேயே சட்டம் போட்டுவிட்டது.

எங்கள் நாட்டிலேயே நடந்த ஒன்றை இந்த வாதத்தில் யாரும் எடுப்பதில்லை. 2009இல் போர் முடிந்தபோது, விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்த 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட 594 பேர் அரசாங்கத்தின் கையில் இருந்தார்கள். துப்பாக்கி தூக்கியவர்கள், சிலர் சுட்டும் இருப்பார்கள். அந்த நேரத்தில் தெற்கில் இருந்த மனநிலையைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அவர்களை வழக்குக்கு அனுப்பவில்லை, பலவந்தமாகச் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் என்று கணக்கெடுத்துப் புனர்வாழ்வுக்கு அனுப்பினார்கள். பலரை இங்கே இரத்மலானை இந்துக் கல்லூரியில் விட்டுப் படிக்க வைத்தார்கள், ஒரு வருடத்தில் குடும்பங்களோடு சேர்த்தார்கள். அந்த அரசாங்கத்தைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு, இதில் செய்தது சரி. பொடியன் கையில் ஆயுதத்தைக் கொடுத்தவன் யார் என்று அன்று கேட்கத் தெரிந்த நாட்டுக்கு, கிராண்ட்பாஸ் பொடியன் விஷயத்தில் கேட்கத் தெரியாமல் போகாது.

கடைசியாக உங்கள் இரண்டாவது கேள்வி, செத்தவர் வீட்டுக்காரர். ஒரு வழக்கில் நான் எதிரிக்காகத் தோன்றினேன், எதிரிக்குச் சம்பவ நாளில் 17. இறந்த பையனின் தாய் ஒவ்வொரு தவணைக்கும் வருவார், நீர்கொழும்பிலிருந்து இரண்டு பஸ் மாறி. ஒரு நாள் என்னிடமே வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். "ஐயா, அடுத்த தவணை எப்ப? உள்ள கேட்டா யாரும் சொல்றாங்க இல்ல" என்றார். ஏழு வருடமாக அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு வழக்கின் நிலையைத் தெரிவிக்க வேண்டும், உதவி கொடுக்க வேண்டும் என்று 2015இலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது, அது வந்த பிறகு நடந்த கதைதான் இது. அவர் தூக்குத் தண்டனை கேட்டிருந்தால் அவரோடு நான் வாதாடியிருக்க மாட்டேன், அது அவருடைய உரிமை. அவர் கேட்டது திகதி. டயரியைப் புரட்டிப் பார்த்துச் சொன்னேன், கையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு போனார்.